முப்பத்து மூன்று மில்லிமீட்டர்

முரோசுமி தாமே நேரில் கத்தியைக் கொண்டுவந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நவோயேவுக்குச் சற்று வியப்பாக இருந்தது. வழக்கமாக அவருடைய கடை ஊழியர் ஸ்கூட்டரில் வந்து, செய்தித்தாளில் சுற்றிய அலகுகளைப் பெட்டியோடு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஜப்பானின் சகாய் நகரில் கத்தி அப்படித்தான் வீடு வீடாகப் பயணப்படும். ஒரு வீட்டில் அடிப்பார்கள், இன்னொரு வீட்டில் தீட்டுவார்கள், வேறொரு வீட்டில் பிடி போடுவார்கள். முரோசுமி போன்ற மொத்த வியாபாரியின் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அதற்கு ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயரும் கடையின் பெயராகவே இருக்கும்.

"உள்ள வரலாமா, நவோயே சான்? இல்ல, சாணைத்தண்ணியில என்னையும் நனைச்சுடுவீங்களா?"

"உங்கள நனைச்சா துருப்பிடிச்சிடும். தள்ளியே நில்லுங்க."

முரோசுமி சிரித்தபடி ஈரமில்லாத ஓர் இடத்தைத் தேடி நின்று, கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். முப்பத்து மூன்று சென்டிமீட்டர் நீளம். பச்சை மீனை மெல்லிய துண்டங்களாக அரிவதற்கான ஒடிசலான அலகு. உலையின் கருஞ்செதில் இன்னும் மேலே ஒட்டியிருந்தது.

"உங்க அண்ணன் அடிச்சது. முழுக்க ஒரே எஃகு. எண்ணெயில இல்ல, தண்ணியில தோய்ச்சது. கியோட்டோவுல ஒரு சமையல்காரருக்கு. அந்த மனுஷன் போன மாசம் எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டார் பாருங்க. 'அடிச்சது யாருன்னு சொல்றீங்களே, தீட்டினது யாருன்னு ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?' அதனால இந்தக் கத்தியிலேர்ந்து பெட்டிக்குள்ள வைக்கிற சீட்டுல ரெண்டு பேர் போடப்போறேன். அடிச்சவர் குனிமாசா. தீட்டியவர் நவோயே."

நவோயே ரப்பர் மேலங்கியில் கைகளைத் துடைத்துக்கொண்டார். ஏற்கெனவே துடைத்த கைகள்தாம். இருபத்தேழு ஆண்டுகளாக அவர் அந்தச் சாணையின் முன் அமர்ந்திருக்கிறார். கணவர் மறைந்த பின் ஒன்பது ஆண்டுகளாகத் தனியாகவே அமர்ந்திருக்கிறார். அவர் தீட்டிய கத்திகள் எத்தனையோ நாடுகளில் இருக்கலாம். அவற்றில் ஒன்றிலாவது அவர் பெயர் இருந்ததில்லை. அண்ணன் குனிமாசாவின் படம் மட்டும் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. "கத்தி நெருப்புல பொறக்குது, நீ அதக் குளிப்பாட்டித் தலை துவட்டி விடற" என்று அவர் தங்கையைக் கேலி செய்வதும் உண்டு.

"இன்னொரு விஷயம்" என்று முரோசுமி குரலைத் தாழ்த்தினார். "அவர் அடிச்ச கத்தியில அக்டோபர்ல ஒண்ணு, டிசம்பர்ல ஒண்ணு. ரெண்டும் தண்ணியில விரிசல் விட்டுடுச்சு. உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், மூணாவதும் இப்படின்னா நான் வேற கொல்லரப் பாக்கணும். அதனால சக்கரத்துல வைக்கறதுக்கு முன்னாடி நல்லாப் பாத்துக்குங்க. வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்ல."

வழக்கம் நவோயேவுக்குத் தெரியும். சாணைச் சக்கரம் தொடுவதற்கு முன் கண்ட குறை அடித்தவருடையது. தொட்ட பின் கண்டால் தீட்டியவருடையது. அவர் அலகை விரல் நுனியில் தொங்கவிட்டுத் தட்டிக் காதருகே பிடித்தார். சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செதிலுக்கு அடியில் எதுவும் தென்படவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப இனி உங்க பொறுப்பு" என்று முரோசுமி தலை வணங்கி விடைபெற்றார்.

அன்று மாலை அண்ணி யசுயோ தொலைபேசியில் அழைத்தார். கத்தி வந்து சேர்ந்ததா என்று கேட்பதற்காக அழைத்ததாகச் சொன்னார். ஆனால் கேட்டபின்னும் வைக்கவில்லை.

"நவோயே, உன் அண்ணன் ராத்திரியில தூங்கறதே இல்ல. சோத்துக் கிண்ணத்த முன்னாடி வெச்சா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். 'இந்த ஒண்ணு நல்லா வந்துட்டா போதும்'னு சொல்றார். நல்லா வரும்தானே?"

"வரும் அண்ணி. நான் பாத்துக்கறேன்."

வேலை நல்லபடியாகவே நடந்தது. பெரிய சக்கரத்தில் செதில் உரிந்து வெள்ளி நிறம் வெளிப்பட்டது. மரக்கட்டையில் வைத்து அலகின் கோணலை நிமிர்த்தினார். அவ்வளவு கடினமான எஃகைத் தீட்டுவது எல்லார்க்கும் வாய்க்கும் வேலையன்று. சாதாரணக் கத்தியைக் கல் கடிக்கும், இதன் மீதோ கல் வழுக்கிக்கொண்டு போகும். அவசரப்பட்டு அழுத்தினால் கூர் சில்லுசில்லாகப் பெயர்ந்துவிடும். வெள்ளிக்கிழமையன்று சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கைக்கற்களுக்கு வந்தார். நானூறாம் எண் கல்லில் கீறல்கள் ஒரே திசையில் படிந்தன. ஆயிரத்தில் அவை மங்கின. ஒவ்வொரு கல்லும் முந்தைய கல் விட்டுச்சென்ற தடத்தை அழிப்பதற்காகவே இருக்கிறது. அழிந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த கல்லை எடுக்க வேண்டும். மூவாயிரத்தில் அலகின் மேல் ஓர் அலைக்கோடு மெல்லத் தெரியத் தொடங்கியது. ஒரே எஃகுதான் என்றாலும், தோய்ச்சலில் அக்கோட்டுக்குக் கீழே கூர்ப்பக்கம் கடினமாகியிருந்தது, மேலே முதுகுப்பக்கம் மென்மையாகவே இருந்தது. அண்ணன் நல்ல கொல்லர்தாம் என்று நவோயே அப்போது மனமார நினைத்தார்.

கழுவித் துணியால் ஒற்றி எடுத்தபோது, நுனியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, கூரின் ஓரத்தில் ஒரு மயிரிழை ஒட்டியிருந்தது. தம் தலைமுடி என்றே அவர் எண்ணினார். துடைத்தார், போய்விட்டது. சற்று நேரத்தில் அதே இடத்தில் அது மறுபடியும் ஈரமாகத் தோன்றியது.

எஃகுக்குள் புகுந்திருந்த தண்ணீர் கசிந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். கூரிலிருந்து மேல்நோக்கி இரண்டரை மில்லிமீட்டர் விரிசல். சாணைச் சூட்டில் வந்த விரிசல் இப்படி ஒற்றையாக நிற்காது, வலைபோலப் பரவும். இது, காய்ச்சிய அலகைத் தண்ணீரில் இறக்கும் தோய்ச்சலில் வந்தது. அலகை அவ்விடத்தில் முறித்துப் பார்த்தால் முறிந்த முகம் கறுத்திருக்கும். அதைக் காட்டினால் முரோசுமி வழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நியாயத்தைப் பார்ப்பார். அவர் அந்த அளவுக்கு நேர்மையான மனிதர். நவோயே எவ்விதப் பழிக்கும் ஆளாகமாட்டார். அண்ணனுடைய உலை அத்துடன் அணைந்துவிடும்.

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அமர்ந்தபடியே அவர் நெடுநேரம் இருந்தார். வெளியே டிராம் வண்டி மணியடித்துப் போனது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலும் ஒன்று போனது. பிறகு அவர் எழுந்து, எவரையும் கேட்காமல், பெரிய சக்கரத்தின் விசையைப் போட்டார்.

கூரை முழு நீளத்துக்கும் மூன்று மில்லிமீட்டர் தேய்த்து எடுத்தார். விரிசல் சேறாகிச் சாக்கடையில் இறங்கியது. பிறகு சரிவைப் புதிதாக அமைத்து, நானூறு, ஆயிரம், மூவாயிரம், எட்டாயிரம் என்று எல்லாக் கற்களையும் மீண்டும் கடந்து, இறுதியாகக் கியோட்டோ மலைக்கல்லின் துண்டைக் கட்டை விரலால் தேய்த்து மெருகேற்றினார். ஞாயிறு முழுவதும் அதற்கே சரியாகிவிட்டது. குறைந்த அகலத்துக்கு ஏற்ப முதுகின் கனத்தையும் குறைத்து, நுனி வரை ஒரே ஓட்டமாக இழைத்திருந்தார். தம் வாழ்நாளில் அதைவிடச் சிறப்பாக அவர் எதையும் தீட்டியதில்லை என்று சொன்னால் மிகையாகாது. அலைக்கோடு மட்டும் இருக்கவேண்டிய தூரத்தில் இல்லாமல் கூரை நெருங்கி வந்துவிட்டிருந்தது. அதை எந்தக் கல்லாலும் தள்ளிவைக்க முடியாது.

திங்கட்கிழமை அவர் கடைக்குப் போனபோது குனிமாசாவும் அங்கே அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். முரோசுமி கத்தியை வெளிச்சத்தில் பிடித்து, "ஆகா" என்றார். அடுத்த கணமே அவர் முகம் மாறியது. மேசையிலிருந்த அளவுகோலை எடுத்து அலகின் அகலத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"முப்பத்து மூணு. முப்பத்தாறு இருக்கணுமே, நவோயே சான்?"

நவோயே வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தார். "சக்கரத்துல ஒரு நிமிஷம் கை நின்னுடுச்சு. கூர் சூடேறி நீலம் பாரிச்சிடுச்சு. அத எடுக்க வேண்டியதாப் போச்சு. ரொம்ப மன்னிச்சுக்குங்க."

கூரைக் கருக்குவது, தொழிலுக்கு வந்து ஆறு மாதம் ஆனவர் செய்யும் பிழை. அதை இருபத்தேழு ஆண்டு அனுபவமுள்ளவர் தம் வாயாலேயே சொல்லிக்கொள்வதைக் கேட்க முரோசுமிக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அவர் அளவுகோலை மேசை மீது நேராக வைப்பதில் மும்முரமாக இருந்தார்.

பேசியவர் குனிமாசாதான். "கருகிடுச்சா? நான் அடிச்சுக் குடுத்த எஃகு கருகிடுச்சா? கவனம் எங்க இருந்துச்சு? சீட்டுல பேரு எப்படி அச்சாகும்னு கனவு கண்டுக்கிட்டிருந்தியா?"

"அண்ணே..."

"அண்ணன் இங்க எதுக்கு? இது தொழில். முரோசுமி சான், நான் தங்கச்சின்னு பாத்துப் பேச மாட்டேன். கடினமான கத்தியெல்லாம் இனிமே தீட்டறதுக்கு இக்காவாகிட்ட குடுங்க. அவன் கை நிதானமான கை."

நவோயே இருவருக்கும் இடுப்பு வளைய வணங்கினார். அண்ணனுக்குச் சற்று அதிகமாகவே வணங்க வேண்டியிருந்தது, ஏனெனில் கெட்டது அவருடைய வேலை. நிமிர்ந்தபோது அண்ணனின் கண்களைத் தேடினார். அவை தேநீர்க் கோப்பையில் இருந்தன.

ஒருவருடைய வேலையைக் கெடுத்தவர் இனிப்புப் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பது அங்கே முறை. உடன்பிறந்தவர் என்றாலும் முறை முறைதான். புதன்கிழமை பிற்பகல், நல்ல கடையில் வாங்கிய பயற்று இனிப்புகளை அழகிய துணியில் முடிந்துகொண்டு நவோயே போனார். யசுயோ வாசலிலேயே அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்ல, பரவாயில்ல, அவர் இப்ப நல்லா சாப்பிடறார்" என்றார். அது ஆறுதலா குத்தலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

குனிமாசா உலைக்களத்தில் தனியாக இருந்தார். தங்கை பெட்டியை இரு கைகளாலும் நீட்டி, மன்னிப்புச் சொற்களை முறைப்படி சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடவில்லை. பெட்டியை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நுனிப் பக்கந்தானே?" என்றார்.

"என்னது?"

"விரிசல். நுனியிலேர்ந்து ஒரு நாலு விரல் தள்ளி?"

நவோயே நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தண்ணியில இறக்கினப்பவே 'டிங்'னு ஒரு சத்தம். அவ்ளோதான், சின்னதா. அது கேக்கலேன்னா நான் கொல்லனே இல்ல."

"தெரிஞ்சுமா அனுப்பினீங்க?"

"வேற யாருக்கு அனுப்பறது? இக்காவாவா இருந்தா அன்னிக்கே கரியால ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பான். நீ அனுப்ப மாட்டேன்னு தெரியும். அதனாலதான் 'இது என் தங்கச்சிகிட்டயே போகட்டும்'னு முரோசுமிகிட்ட சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொன்னா நீ பொய் சொல்ற மாதிரி ஆயிருக்கும். சொல்லாம விட்டதால நீயா செஞ்சே. உனக்கும் மனசுக்கு நல்லது."

நவோயே அடுத்ததைக் கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். கேட்டுவிட்டார்.

"கடையில என்னைய அவ்ளோ பேசினீங்களே, அதுவும் என் மனசுக்கு நல்லதா?"

குனிமாசா சற்றே சங்கடப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு துண்டை எடுத்தார், வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "நான் சும்மா இருந்திருந்தா அவருக்கு மூக்கு வேர்த்திருக்கும். அடிச்சவனுக்குக் கோவம் வரலேன்னா எப்படி? ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கத்தினேன். நீ வெச்ச பொய் நிக்கணுமில்ல? வீட்டுச் சமையலுக்கான ஸ்டெயின்லெஸ் கத்தி நிறைய வருதாம். உனக்கே அனுப்பச் சொல்லிட்டேன், வேலைக்குக் குறைச்சல் இருக்காது. நீயும் ஒண்ணு எடுத்துக்க. நல்ல கடையிலதான் வாங்கியிருக்கே."

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு புறப்பட்டார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே நவோயே முரோசுமியின் முன் அமர்ந்திருந்தார். நடந்ததை முதலிலிருந்து சொன்னார். அண்ணன் சொன்ன 'டிங்' என்ற ஓசை உட்பட ஒன்றையும் மறைக்கவில்லை. முரோசுமி வியப்படையவில்லை.

"நான் குருடன் இல்ல, நவோயே சான். இருபத்தேழு வருஷம் கழிச்சு நீங்க கூரைக் கருக்குவீங்களா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லிட்டீங்க. குனிஞ்சு மன்னிப்பும் கேட்டுட்டீங்க. அதுக்கு மேல நான் கேட்டா, உங்கள பொய்க்காரின்னு சொன்ன மாதிரி ஆயிடும். அந்த மரியாதைக் குறைவ நான் எப்படிப் பண்றது?"

நவோயே மேசையைப் பார்த்தார். அச்சகத்திலிருந்து வந்த சீட்டுக்கட்டு ஒன்று தாள் நாடா பிரிக்கப்பட்டு அங்கே இருந்தது. மேலிருந்த சீட்டில், *அடித்தவர்: குனிமாசா. தீட்டியவர்: இக்காவா* என்று அழகான எழுத்தில் அச்சாகியிருந்தது.

முரோசுமி அவர் பார்வையைக் கவனித்துவிட்டார். "இதயும் சொல்லிடறேன், வேற யார் வாயிலயாவது கேக்கறதுக்குள்ள. பிடி போட்டு, கத்தி செவ்வாய்க்கிழமையே கியோட்டோ போயிடுச்சு. தள்ளுபடியிலயாவது குடுக்கலாம்னுதான் அனுப்பினேன். அந்த மனுஷன் நேத்து மத்தியானம் போன் பண்ணி, இவ்ளோ ஒடிசலா, இவ்ளோ லேசா ஒரு கத்திய அவர் பாத்ததே இல்லங்கறார். மீன் தானா விலகி விழுதாம். தீட்டினவருக்கு அவர் வணக்கத்தச் சொல்லச் சொன்னார்."

"எனக்கா?"

முரோசுமி சீட்டுக்கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "சீட்டு இல்லாம அவர் வாங்க மாட்டார். கூரைக் கருக்கினவங்க பேர நான் எப்படிப் போட்டு அனுப்பறது? திங்கக்கிழமையே இக்காவா பேர்ல அச்சடிக்கச் சொல்லியிருந்தேன், இந்தச் சீட்டுத்தான் வந்திருந்துச்சு. இதத்தான் வெச்சேன்."

"அந்தக் கத்திய நான் தீட்டினேன்."

"தெரியும்."

"இப்ப உண்மையச் சொல்லிட்டேன். பேர மாத்துங்க."

"எப்படி மாத்துவேன், சொல்லுங்க. திங்கக்கிழமை சொன்னதுபடி பாத்தா, கூரைக் கருக்கினவங்க. இன்னிக்குச் சொல்றதுபடி பாத்தா, விரிசல எங்கிட்டேர்ந்து மறைச்சவங்க. அந்தச் சீட்ட நம்பித்தான் ஒருத்தர் கத்திய வாங்கறார். கோவிச்சுக்காதீங்க, முதல் தப்ப விட ரெண்டாவதுதான் எனக்குப் பெருசு."

அதில் பிழை கண்டுபிடிக்க நவோயேவால் இயலவில்லை. அவரே வியாபாரியாக இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"அண்ணன்?"

"அவருக்கு வேலை குடுக்கறத நிறுத்திடலாம்னுதான் தோணுது. ஆனா கியோட்டோக்காரர் இதே மாதிரி இன்னும் ரெண்டு கேக்கறார், இதே கொல்லர் அடிச்சதா. கோடை வரைக்கும் பாப்போம்." முரோசுமி எழுந்து, மூலையிலிருந்த பெட்டி ஒன்றை அவர் பக்கம் மெதுவாகத் தள்ளினார். "அறுபது ஸ்டெயின்லெஸ். அவசரமில்ல." பிறகு, உண்மையிலேயே மிகுந்த தயக்கத்தோடு, தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு சின்ன உதவி. கேக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு. அந்த ரெண்டையும் தீட்டப்போற இக்காவா நேத்து வந்திருந்தார். அந்த அகலத்துக்கு முதுகோட கனம் எவ்ளோ, சரிவு எங்க தொடங்கணும், ஒண்ணும் பிடிபடலங்கறார். கத்தியும் கையில இல்ல. அளவெல்லாம் உங்களுக்கு நினைவிருக்குமே. ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா..."

அவர் தாளையும் பேனாவையும் இரு கைகளாலும் நீட்டினார்.

நவோயே எழுந்து நின்று பெட்டியைத் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டார். அறுபது கத்திகளின் கனம் தோளை இழுத்தது. வழக்கம்போல் மரியாதையாகத் தலை வணங்கிய பிறகே பேசினார்.

"அந்தக் கத்திய இக்காவா சான்தானே தீட்டினார்? அவருக்குத் தெரியாதா?"

முரோசுமி தாளை மேசை மீது வைத்துவிட்டு, விரைந்து போய் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.